மரத்தில் தூங்கிய மருந்து

எல்ம் ஃபோர்க், மொன்டானா
ஆகஸ்ட் 10, 1986

அன்புள்ள சிக்னி சித்திக்கு,

பிரிட்டா எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முந்தின நாள் வந்து மழையோடு போய்விடுகிறது. அரிசோனா வெயிலில் நீங்களும் உங்கள் பூனையும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு பெரிய செய்தி. ஓரின் அண்ணனை இந்த வருடம் மேல் முகாமுக்கு அழைத்துப்போக அப்பா சம்மதித்துவிட்டார்! சர்க்கரை நோய் வந்த பன்னிரண்டாம் வயதிலிருந்து ஆறு வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்பா வேட்டைக்கு வரும் ஆட்களையும் ஒன்பது கோவேறு கழுதைகளையும் கூட்டிக்கொண்டு மலையேறுவார். இவன் வேலிமேல் உட்கார்ந்து கடைசிக் கழுதையின் வால் மறையும்வரை பார்ப்பான். பிறகு இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டான்.

நேற்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அங்க உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இருபத்தாறு மைல்டா. ரோடு கிடையாது, போன் கிடையாது. கழுதை முதுகுதான் ஆம்புலன்ஸ்."

"கழுதைக்கு என்னைப் பிடிக்கும்ப்பா. உங்களைத்தான் அது உதைக்குது."

அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பிரிட்டா, மருந்துப் பெட்டிய நீ கட்டு. நீ கட்டினா இவன் வரலாம். நான் கட்டினா எதையாச்சும் மறந்துடுவேன்."

இதுவரை அப்பாவின் மருந்துப் பெட்டி என்பது ஒரு புகையிலை டப்பா. உள்ளே ஆஸ்பிரின், ஒட்டும் நாடா, அரைப் புட்டி விஸ்கி. போன வருடம் ஒருவர் கோடரியால் முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டபோது அப்பா தூண்டில் நரம்பால் தைத்து அனுப்பினாராம்.

சித்தி, நீங்கள் நர்ஸ். அம்மா உயிரோடு இருந்திருந்தாலும் உங்களைத்தான் கேட்டிருப்பாள். என்னென்ன வைக்க வேண்டும், எவ்வளவு, எப்படி? எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் அப்படியே செய்வேன்.

உங்கள் பதிலுக்குத் தபால்பெட்டியைத் தினம் இருமுறை திறந்து பார்க்கப்போகும்,
பிரிட்டா


டூசான், அரிசோனா
ஆகஸ்ட் 19, 1986

என் கண்ணு பிரிட்டாவுக்கு,

நானும் பூனையும் உயிரோடு இருக்கிறோம், வெந்துகொண்டு. உன் கடிதத்தை வார்டில் எல்லோருக்கும் காட்டினேன். பதினாலு வயதில் இப்படி எழுதும் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது?

எழுதிக்கொள். ஆழமான காயத்துக்கு அகலமான கட்டுத்துணி, ரத்தம் நிறுத்த அழுத்துப் பட்டை, எலும்பு முறிந்தால் கட்டத் தகடு. தீக்காயத்துக்குக் களிம்பு. வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் தனித்தனி மாத்திரை. குளவி கொட்டி மூச்சு முட்டுபவருக்கு ஊசிமருந்து, அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். மாத்திரைகளைப் பெரிய புட்டியோடு தூக்காதே. ஃபிலிம் டப்பாக்களில் போட்டுப் பெயரும் அளவும் எழுதி ஒட்டு.

ஓரினின் இன்சுலினை இரண்டு பங்காக்கு. ஒன்று அவன் சேணப்பையில், இன்னொன்று வேறு கழுதையில். ஒன்று ஆற்றில் போனாலும் ஒன்று இருக்கும். மயக்கம் வந்தால் வாயில் வைக்கச் சர்க்கரைக் கட்டி எல்லோர் பையிலும் இருக்கட்டும்.

முக்கியமாக, சூடு ஆகாது. இன்சுலினுக்குச் சூடுதான் எமன். இங்கே போன மாதம் ஒருத்தர் காருக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். மருந்து வெறும் தண்ணீராகிவிட்டது. நான்கு நாள் எங்கள் வார்டில் கிடந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், வெயிலில் வேண்டாம், குதிரையின் உடம்போடு ஒட்டி வேண்டாம். குளிர்ச்சியாக இருக்கட்டும். இதை அவன் தலையில் குட்டிச் சொல்.

பட்டியல் போட்டு எனக்கு அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம்.

வியர்வையோடும் முத்தத்தோடும்,
சித்தி


எல்ம் ஃபோர்க்
ஆகஸ்ட் 29, 1986

அன்புள்ள சித்திக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஜலதோஷம், மற்றபடி எல்லோரும் திடம்.

பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தம் அறுபத்தொரு பொருள். தபால் நிலையத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன். முழுப் பெட்டியும் ஒன்பது பவுண்டுதான், ஒரு கழுதைக்கு அது தெரியவே தெரியாது. முதல் பக்கத்தில் என்ன, எவ்வளவு என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எங்கே, எப்படி என்று இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் பகலில் எங்கே இருக்க வேண்டும், இரவில் எங்கே இருக்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அங்கே பெரிய கரடிகள் உண்டு என்பதால் கரடிக் கையேட்டை மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்துக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். அதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், சித்தி.

ஓரின் என்னைப் பெட்டி மகாராணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். "மகாராணி, மூக்கு சிந்தணும், எந்தப் பொருள், எத்தனாம் நம்பர்?" என்கிறான். கைக்குட்டை இருபத்திரண்டாம் எண். சொன்னேன். அவன் தரையில் உருண்டு சிரித்தான். ஆனால் நான் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மறுபடி அதே இடத்தில் வைக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி புறப்படுகிறார்கள். அதற்குள் திருத்தம் வந்துவிட வேண்டும்.

மதிப்பெண் எதிர்பார்க்கும் மாணவி,
பிரிட்டா


டூசான்
செப்டம்பர் 4, 1986

பிரிட்டாக் கண்ணுக்கு,

ஜலதோஷம் போயிற்றா? இங்கே இரண்டு நர்ஸ்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் காலைத் திட்டு.

பட்டியலைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். ஊசிகள் போதாது, இன்னும் இருபது வை. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் சேர். சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையை இரண்டு புட்டியாக வை. மற்றதெல்லாம் சரி. கடைசியில் மதிப்பெண் போட்டிருக்கிறேன் பார், நூற்றுக்கு நூறு. ஓரினை நம்பி அனுப்பலாம் என்று அப்பாவிடம் சொல்.

தூக்கத்துக்குள் விழுந்துகொண்டிருக்கும்,
சித்தி


மேல் முகாம்
செப்டம்பர் 27, 1986

மகாராணி அவர்களின் சமூகத்துக்கு,

அடியேன் ஓரின் எழுதுவது. உடம்பு கல் மாதிரி இருக்கிறது. சிறுநீர்ப் பட்டை தினமும் நீலம்தான், சர்க்கரை துளியும் இல்லை, நீ சொன்னபடி நோட்டில் குறித்து வைக்கிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்? என் கட்டிலில் புத்தகத்தைப் பரப்பிப் படுத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

கீழே இறங்கும் கழுதை வரிசையோடு இதை அனுப்புகிறேன். பிரிட்டா, இந்த இடத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் ஆண் எல்க் மான் பள்ளத்தாக்கில் கத்தும். யாரோ துருப்பிடித்த கதவைத் திறந்து பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கும். எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். "உங்க அம்மாவுக்கும் இப்படித்தான் சிலிர்க்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

உன் பெட்டியை முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். "என்னப்பா, ஆஸ்பத்திரியையே கட்டித் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஒஹாயோக்காரர் ஒருவர். மறுநாள் அவரே கொதிக்கும் காபிக் கெண்டியை வெறுங்கையால் பிடித்துவிட்டார். நான் பட்டியலைப் பார்த்துக் களிம்பு, துணி, மாத்திரை என்று வரிசையாக எடுத்து வைத்தேன். "எந்த டாக்டர் கட்டினது இது?" என்றார். "எங்க வீட்டு டாக்டர். எட்டாங்கிளாஸ்" என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

இரண்டாம் பக்கத்தையும் எழுத்துப் பிசகாமல் செய்கிறோம். தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மூட்டை, சோப்பு, பற்பசை எல்லாவற்றோடும் என் இன்சுலின் பைகள் இரண்டையும் கயிற்றில் கட்டிப் பதினைந்தடி உயரத்தில் மரத்தில் ஏற்றிவிடுகிறேன். நீ சீசாவை மோந்து பார்த்து 'இதற்கு வாசனை இருக்கிறது, கரடி வரும்' என்று தீர்ப்பு எழுதிவிட்டாயே! நான் கூடாரத்தில் தூங்குகிறேன், என் மருந்து மரத்தில் தூங்குகிறது. அடுப்புச் சூடு படாமல் இருக்கவும் அதுதான் நல்லது என்றார் அப்பா.

இப்போது காலையில் வாளித் தண்ணீர்மேல் கண்ணாடித் தாள் போல ஐஸ். அடுத்த வாரம் பனி வரும் என்கிறார்கள். வரட்டும், நான் இறங்க மாட்டேன்.

குட்டு வாங்காத தூரத்திலிருந்து,
ஓரின்


எல்ம் ஃபோர்க்
அக்டோபர் 18, 1986

சிக்னிக்கு,

ஹால்வர் எழுதுகிறேன். நீ நலமா. எனக்கு எழுத வராது, தெரியும் உனக்கு.

ஆறாம் தேதி பனிப்புயல் அடித்தது. மூன்று நாள் ராத்திரி பூஜ்யத்துக்கு வெகு கீழே போனது. எட்டாம் தேதியிலிருந்து ஓரினுக்குத் தாகம். வாளி வாளியாகக் குடித்தான். பிறகு வாந்தி. கெட்ட இறைச்சி என்று நினைத்தோம். சிறுநீர்ப் பட்டை கறுத்துப்போனது. ஊசியைக் கூட்டிப் போட்டான், மறுபடி போட்டான். இரண்டு பையிலிருந்தும் போட்டான். சர்க்கரை இறங்கவில்லை. சீசாவில் உட்புறம் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. குலுக்கிப் போட்டான்.

ஒன்பதாம் தேதி கழுதையில் கட்டி இறக்கினேன். பனி கழுதையின் மார்பு வரைக்கும். இரண்டு நாள் ஆயிற்று. வழியில் மூச்சு இரைத்து இரைத்து வாங்கினான். பழம் அழுகின வாசனை. கடைசி ஆறு மைல் என்னைத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இதயம் நின்றது, மறுபடி ஓடவைத்தார்கள். எட்டு நிமிஷம் என்றார்கள். இன்னும் எழவில்லை. மருந்து உறைந்து கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். ஒருதரம் உறைந்தால் அப்புறம் உருகினாலும் வேலை செய்யாதாம்.

ராத்திரி மரத்தில் தொங்கவிட்டது நான். என் யோசனை. டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பிரிட்டாவிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஹால்வர்


டூசான்
அக்டோபர் 30, 1986

என் பிரிட்டாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? முதலில் அதை எழுது.

உன் அப்பாவின் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. இருபது வருடம் மலையில் கிடந்த மனுஷனுக்கு அறிவு எங்கே போயிற்று? மருந்தைக் கொண்டுபோய் மரத்தில் கட்டுவார்களா? ராத்திரி சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தால் போதுமே! உன் அம்மா இருந்தால் இவரைச் சும்மா விட்டிருப்பாளா?

நான் உடனே வந்திருக்க வேண்டும். விடுப்புக் கேட்டேன், ஆளில்லை என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் பார்க்கிறேன். ஓரின் சின்ன வயசு. சின்ன வயசு மூளை தேறிக்கொள்ளும், நானே பார்த்திருக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இரு.

அவன் கண் திறந்ததும் தந்தி கொடு.

சித்தி


எல்ம் ஃபோர்க்
டிசம்பர் 3, 1986

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் உடல்நலம் எப்படி? நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. நான்கு முறை ஆரம்பித்துக் கிழித்தேன்.

ஓரின் கண்ணைத் திறந்துவிட்டான். நவம்பர் ஏழாம் தேதி. தந்தி கொடுக்கவில்லை, ஏனென்றால் கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கு முன்னால் விரலை நகர்த்தினால் கண் நகர்வதில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். எண்பது மைல் தூரத்து ஆஸ்பத்திரி என்பதால் சனிக்கிழமைகளில்தான் போகிறோம். நீங்கள் சொன்னபடி பேசிக்கொண்டே இருக்கிறேன். புத்தகமும் படித்துக் காட்டுகிறேன். நரம்பு டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "நீ படிக்கிறது உனக்கு நல்லதும்மா, படி" என்றார். உனக்கு என்றார். அவனுக்கு என்று சொல்லவில்லை.

வேட்டைக்கு முன்பதிவு செய்திருந்த ஆட்கள் எல்லோரும் வேறு முகாமுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். நான் வந்ததைக் கவனிக்காமல் கடைக்காரம்மா திருமதி ஹௌகன் பேசிக்கொண்டிருந்தார்.

"பெத்த புள்ளையோட மருந்தைக் கொண்டுபோய் மரத்துல கட்டுவானா ஒருத்தன்?"

"குடிச்சிருப்பான்" என்றது இன்னொரு குரல்.

"அவன் குடிக்கிறவன் இல்ல. திமிரு. மலையே எனக்குத்தான் தெரியும்ங்கற திமிரு."

நான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை அப்பாவும் படித்தார். கடிதம் மேஜைமேல் இருந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கா" என்றார்.

முகாமுக்குப் போன பட்டியலை அப்பா அடுப்பில் போட்டுவிட்டார். அது நான் நகல் எடுத்தது. நீங்கள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியது என்னிடம் இருக்கிறது.

இங்கே நேற்று இரண்டடி பனி. உங்கள் ஊரில் இன்னும் வெயிலா?

பிரிட்டா


டூசான்
ஜனவரி 9, 1987

அன்புள்ள பிரிட்டா,

புத்தாண்டு உனக்கு நல்லதைக் கொண்டு வரட்டும் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். எனக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. டிக்கெட் எடுக்க இரண்டு முறை போனேன்.

பார்சலில் ஆட்டுத்தோல் விரிப்பு அனுப்பியிருக்கிறேன். ஓரினின் இடுப்புக்குக் கீழே போடச் சொல், படுக்கைப்புண் வராது. உனக்குக் கையுறையும் கதைப் புத்தகங்கள் மூன்றும். கையுறை சரியாக இருக்கிறதா?

அந்தப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், கண்ணு? பார்க்கப் பார்க்க உனக்குத்தான் வேதனை. அதையும் அடுப்பில் போட்டுவிடு.

சித்தி


எல்ம் ஃபோர்க்
ஜனவரி 20, 1987

அன்புள்ள சித்திக்கு,

மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோல் வந்தது, நன்றாக இருக்கிறது. கையுறையும் சரியாக இருக்கிறது.

நான் எரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கொட்டகையில் விற்கப்போகிற சேணங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அப்பா, மரத்துல கட்டச் சொல்லி எழுதினது நான்."

"தெரியும். படிச்சுதானே கட்டினோம்."

"டாக்டர்கிட்ட நீங்க..."

"டாக்டர்கிட்ட சொன்னதுதான் சொன்னது."

"ஊர்ல எல்லாரும் உங்களைப் பேசறாங்கப்பா."

"பேசட்டும். எனக்கு அம்பத்திரண்டு. உனக்குப் பதினாலு. இந்தப் பேச்சைக் கேக்க எனக்கு இன்னும் எத்தனை வருஷம், உனக்கு எத்தனை வருஷம்? நீதான் கணக்குல கெட்டியாச்சே, போட்டுப் பாரு." துணியை மறுபடி எண்ணெயில் நனைத்தார். "இனி இதைப் பத்தி வாயத் திறக்காதே."

கொஞ்ச நேரம் கழித்துப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம்.

"சித்தி இதைப் பாத்தாளா?"

"பாத்தாங்க."

"ரெண்டு பக்கமுமா?"

நான் பட்டியலைத் திரும்ப வாங்கி மடித்தேன்.

ஓரினை பிப்ரவரி இரண்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இனி அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லையாம்.

பிரிட்டா


டூசான்
பிப்ரவரி 15, 1987

பிரிட்டா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

செப்டம்பரில் உன் பட்டியல் வந்த அன்று பதினாறு மணி நேர வேலை முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைத் திருத்தினேன். அழகாக எழுதியிருந்தாய், பெருமையாக இருந்தது. காகிதத்தைத் திருப்பினேன். அடியில் நூற்றுக்கு நூறு என்று எழுதினேன். இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கவனமாகப் பார் என்று நீ எழுதியிருந்தும் படிக்கவில்லை.

முதலிலேயே சூடு சூடு என்று ஒரு பக்கம் எழுதினேனே, உறையவிடாதே என்று ஒரே ஒரு வரி எழுதவில்லை. இந்த ஊரில் எதுவும் உறைவதில்லை. பன்னிரண்டு வருடத்தில் எனக்கே அது மறந்துபோயிருக்கிறது. உன் அப்பாவின் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் அவரைத் திட்டி எழுதினேன். பட்டியலை எரித்துவிடு என்று உன்னிடம் சொன்னதும் எனக்காகத்தான்.

நீ குழந்தை. குழந்தை எழுதியதைப் பார்ப்பது என் வேலை. தப்பு என்னுடையது, முழுசாக.

இங்கே வந்துவிடு. நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, அடுத்த தெருவில் நூலகம். நான் காலம் முழுவதும் உன்னைப் படிக்கவைக்கிறேன். ஓரினை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவுக்கு மூன்று பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன்: குழாயில் ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, வாய் துடைப்பது எல்லாம்.

என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது, பிரிட்டா. ஒரு வரி போதும்.

சிக்னி


எல்ம் ஃபோர்க்
மார்ச் 8, 1987

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்று எழுதவில்லையே. எழுதுங்கள்.

எனக்கு அக்டோபரிலேயே தெரியும். சிவப்பு மை முதல் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் மதிப்பெண்ணைத் தவிர ஒரு கோடுகூட இல்லை. அவ்வளவு சரியாக நான் எதையும் எழுதியதில்லை. உங்களிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் அங்கே வரவில்லை. ஓரினை முன்னறையில் போட்டிருக்கிறோம். அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், காலை ஆறுக்குப் போனால் மாலை ஐந்துக்கு வருகிறார். அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். அதனால் பிப்ரவரி கடைசியிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். "அடுத்த வருஷம் வந்து சேந்துக்கலாம்மா, உன் இடம் எங்கயும் போயிடாது" என்றார். சரி என்றேன். போகும்போது என்னிடம் இருந்த நூலகப் புத்தகங்களைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார். நான் திரும்பி வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும்.

ஓரின் இப்போது நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு. என்னால் தனியாகவே புரட்ட முடிகிறது. கழுதைகளை வாங்கியவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போன அன்று ஒன்று வாசலில் நின்று கத்தியது. ஓரினின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சிரிக்கிற மாதிரி. நான் அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஓரின், டேய், கழுதை போகுதுடா" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். டாக்டரிடம் கேட்டோம். அது நரம்பு தானாக இழுப்பது, அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்றார். நான் டாக்டர் சொன்னதை நம்புகிறேன். அப்பா நம்பவில்லை, தினமும் வேலையிலிருந்து வந்ததும் கட்டில் பக்கத்தில் நின்று கழுதை மாதிரி கத்திப் பார்க்கிறார். நான் அப்போது சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூன்று முறை காகிதம் எடுத்தேன். அதை எழுதினால் உங்களை மன்னித்ததாகுமா, என்னை நானே மன்னித்துக்கொண்டதாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கமும் மிகவும் உபயோகமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸிடம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிக் கேட்டேன். பிறகு மருத்துவப் புத்தகத்திலும் பார்த்தேன். நீங்கள் எழுதியது எல்லாம் சரிதான், சித்தி. தவறாக நினைக்காதீர்கள். இனி நீங்கள் எது எழுதினாலும் நான் இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

பிரிட்டா